இரண்டாவது குழி

வெயில் இன்னும் கழுகுப்பாறைக்கு வரல. எதிர்மலை உச்சியில விழுந்தாச்சு, அங்கேர்ந்து அது பாட்டுக்கு மெதுவா இறங்கிட்டிருக்கு, கழுகுப்பாறையைத் தொட்டதும் நான் புகை போட்டாகணும். பதினாலு வருஷமா இதுதான் என் பொழப்பு. நான் ஒரு புகை போடுவேன், வடக்கே மூணு மலை தள்ளிப் பின்கோட்டையில என் மச்சினன் ஷீர்சாத் அதைப் பாத்துட்டு ஒரு புகை போடுவான். நாங்க நல்லாயிருக்கோம், சரி, நாங்களும் நல்லாயிருக்கோம். சேதி இவ்வளவுதான். இதுக்கு ஒரு ஆளு, அவனுக்குத் தனியா ரொட்டி, தனியா கம்பளியான்னு என் மாமியார் பொண்ணு கொடுக்கும்போதே கேட்டாங்க. கேக்கட்டும். இன்னிக்கும் முதல் குழியில எல்லாம் அடுக்கியாச்சு, அடியில காஞ்ச விறகு, மேல ஈர வைக்கோல், பக்கத்துல நனைச்சு வெச்ச போர்வை. ரெண்டாவது குழி இருபது தப்படி தள்ளி இருக்கு. அதை நான் பாக்கக் கூடாது. பாத்தா ரோஸ்பே பாத்துடுவான். அவன் பாறை மேல உக்காந்து காஞ்ச மல்பெரிப் பழத்தை ஒண்ணொண்ணா வாயில போட்டு மென்னுட்டிருக்கான், மடியில வில்லு. பதினாலு வருஷத்துல இந்த இடத்துக்கு எனக்குக் காவல்னு ஒருத்தன் வந்ததே இல்ல. வந்தவனும் ரோஸ்பேதான், என் கல்யாணத்துல விடிய விடிய ஆடிட்டு ஆட்டுத்தொட்டிக்குள்ள விழுந்து தூங்கினவன். ரெண்டாவது குழியில நெருப்பு பட்டா என்னை அம்பால அடிக்கணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அவனே வந்ததும் வராததுமா சொல்லிட்டான், தலையைக் குனிஞ்சுகிட்டே, "தப்பா நெனைக்காத வண்டாத், கியா உத்தரவு"ன்னான். நான் என்னத்த நெனைக்க. உக்காருன்னேன். பழம் வேணுமான்னு கேட்டான். வேணாம்னேன்.

கியா உத்தரவு. கோட்டைத் தலைவரைக் கியான்னு கூப்பிடுறது எங்க மலை வழக்கம், பேரு ஜஸ்தான், பேரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டோம். நேத்து சாயங்காலம் முன்னூறு பேரையும் தண்ணித்தொட்டி முத்தத்துல நிக்கவெச்சு ரெண்டே வார்த்தை சொன்னாரு. பேச்சு முடிஞ்சுடுச்சு, நாளைக்கு மத்தியானம் இறங்குறோம். யாரும் வாயைத் திறக்கல. இருபத்தஞ்சு நாளா மங்கோலியப் படை எறிஞ்ச கல்லையெல்லாம் வாங்கிக்கிட்டு நின்ன ஆளுங்க, செத்தாலும் இந்தப் பாறையில சாவோம்னு இதே முத்தத்துல ரொட்டியும் உப்பும் கையில வெச்சு இதே கியா முன்னாடி சத்தியம் பண்ணின ஆளுங்க, அவரும் பண்ணினாரு, அதே ரொட்டி, அவர் பிச்சு எனக்குக் கொடுத்த துண்டு இன்னும் தொண்டையில நிக்குது. எல்லாரும் கலைஞ்சப்புறம் நான் அவர் பின்னாடியே போனேன். "பின்கோட்டைக்குச் சொல்லணுமே கியா, நாம இறங்கிட்டா அடுத்தது அவங்கதான், நாளைக்குக் காலையில ரெண்டு புகை போட்டுடுறேன், வடக்குக் கணவாய் வழியா கடல்பக்கத்துக் காட்டுக்குள்ள இறங்கிடுவாங்க"ன்னேன். திரும்பவே இல்ல. "ஒண்ணுதான்"னாரு. "எப்பவும் போல ஒண்ணு. நாம இறங்குறது அங்க தெரிஞ்சா பேச்சு முறிஞ்சிடும்." நான் விடல. எனக்கு வாய் நீளம், என் பொண்டாட்டி நாஸ்பானு இதைச் சொல்லாத நாளில்ல. "உங்க வீட்டம்மாவும் அங்கதானே கியா இருக்காங்க"ன்னேன். அப்பத்தான் திரும்பினாரு. கோவப்படுவாருன்னு பாத்தா கோவமே இல்ல, சலிச்சுப் போன மாதிரி ஒரு முகம், "அவளைப் பத்தி நீ கவலைப்படாத. ரெண்டாவது குழியில நெருப்பு பட்டா உன் தலை இருக்காது"ன்னுட்டு உள்ள போய்ட்டாரு. சொந்தப் பொண்டாட்டியை அப்படியே கொடுத்துட்டுப் போற மனுஷனை நான் கண்டதில்ல. எங்க எல்லார் பொண்டாட்டியையும் சேத்து. நம்ம உசுருக்கு அவங்க விலை. ராத்திரி பூரா இதையே திருப்பித் திருப்பி நெனைச்சு, கடிச்சுக் கடிச்சுப் பல்லு வலிக்குது.

பல்லு. எங்க புள்ள குல்நாருக்கு விழுந்தது மேல்பல்லா, கீழ்ப்பல்லா. பொம்பளைங்க பின்கோட்டைக்குக் கிளம்பின அன்னிக்குத்தான் விழுந்துச்சு, கையில வெச்சு நீட்டினா, வாப்பா பாருன்னு, நான் விறகு சுமந்துக்கிட்டிருந்தேன், ம்ம்னு சொல்லிட்டு ஒழுங்கா பாக்கல. ஏழு வயசுப் புள்ள வாயைத் திறந்து காட்டுறா, நான் விறகைப் பாக்குறேன். மேல்பல்லுதான். இல்ல, கீழ, சிரிச்சப்ப நாக்கு வெளிய வந்துச்சே. மேல்பல்லா இருந்தாலும் நாக்கு வரும். சரி விடு. சண்டைக்காலத்துல கோட்டையில பொம்பளைங்க இருக்கக் கூடாதுங்கறது எங்க ஆளுங்க வழக்கம், இன்னிக்கு நேத்து வந்ததில்ல, எங்க தாத்தா காலத்துக்கும் முந்தினது. தலைவர் வீட்டம்மாவா இருந்தாலும் சரி, ரொட்டி சுடுறவன் பொண்டாட்டியா இருந்தாலும் சரி, எல்லாரும் ஒண்ணாப் போய்ப் பின்கோட்டையில உக்காந்து கம்பளி நூல் நூத்துத்தான் சாப்பிடணும். புருஷன் தளர்ந்துடக் கூடாதாம், பொண்டாட்டி முகத்தைப் பாத்தா மனசு இறங்கிடுமாம். யாரு யோசிச்சானோ. கண்ணு முன்னாடி இருந்திருந்தா நேத்து ஒருத்தனாவது சும்மா இருந்திருப்பானா, கியாவே அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா. நாஸ்பானு கிளம்புறப்ப தோல்சட்டையை என்கிட்டயே விட்டுட்டுப் போறேன்னா, குளிர் வரும்னா. நீ எடுத்துக்கோன்னேன். "ஏங்க, மலை உச்சியில நிக்கிறது நீங்களா நானா"ன்னா. சண்டை. நாப்பது நாளைக்கு முன்னாடி ஒரு தோல்சட்டைக்காகச் சண்டை போட்டு, முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரும்பிப் பாக்காம நடந்து போனா, கடைசி வளைவுல புள்ள மட்டும் கையாட்டிச்சு. சட்டையை என் மேலேயே போட்டிருக்கேன் இப்ப. குளிரே இல்ல.

அதுதான் எனக்கு ஆறல, குளிரே இல்ல. இந்நேரம் இடுப்பளவு பனி கிடக்கணும். இந்த அல்புர்ஸ் மலை மேல எங்களுக்கு அம்பது கோட்டை, எதையும் வாளால காப்பாத்தினதா நான் நெனைக்கல, பனிதான் காப்பாத்துச்சு. கீழ சமவெளியில பாரசீக ஊருங்க ஒவ்வொண்ணா எரிஞ்சப்ப, நிஷாப்பூர்ல பூனை கூட மிஞ்சலன்னு ஓடி வந்தவங்க அழுதப்ப, எங்க வாப்பா அவங்களுக்கு மோர் ஊத்திக் கொடுத்துக்கிட்டே சொன்னாரு, இங்க வர முடியாது, ஒத்தையடிப் பாதை, பக்கத்துல ஷாருத் ஆத்துப் பள்ளம், குதிரைக்குக் கால் வைக்க இடமில்ல, மீறி வந்தாலும் ஐப்பசி முடிஞ்சா பனி மூடிடும்னு. மூடல. முப்பது வருஷத்துல இல்லாத அதிசயமா இந்த வருஷம் வானம் வெளுத்துக் கிடக்கு, சட்டையில வேர்வை. தினமும் மேகத்தைத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு. பனி ஏமாத்திடுச்சு. சரி, பனிக்கு என்ன வந்துச்சு, அது யார்கிட்ட உப்பைக் கையில வெச்சு சத்தியம் பண்ணுச்சு. மரம்? ஆத்தங்கரைப் பைன்மரமெல்லாம் எங்க ஆளுங்க நட்டது, நானே சின்ன வயசுல தோல்பையில தண்ணி சுமந்து ஊத்தியிருக்கேன், அதை வெட்டித்தான் கல்லெறியுற பொறிக்குக் கம்பம் செஞ்சானுங்க. முதல் கல்லு வந்து தேன் கிடங்கு மேல விழுந்தப்ப நான் மரத்தைத்தான் திட்டினேன். கிறுக்கன். அப்புறம் எஜமான். அம்பது கோட்டைக்கும் எஜமான், அவர் பேரைச் சொல்லித்தான் புள்ளைக்கு முதல் பால் கொடுப்போம், நாலு நாளைக்கு முன்னாடி அவர் முத்திரையோட கடுதாசி வருது, இறங்கி வந்துடுங்கன்னு. கீழ அவனுங்க கூடாரத்துல உக்காந்து எழுதினாராம். மிரட்டி வாங்கியிருப்பானுங்கன்னு ஒருத்தன் சொன்னான், நானும் அதையே புடிச்சுக்கிட்டேன். கடுதாசி கொண்டாந்த ஆளோட கியா கதவைச் சாத்திக்கிட்டு ரொம்ப நேரம் பேசினாரு. வெளிய வந்தப்ப கையைக் கழுவத் தண்ணி கேட்டாரு, அது மட்டும் ஞாபகம் இருக்கு. பனி, மரம், எஜமான், கியா. இப்ப அஞ்சாவது ஆளா என்னை நிக்கச் சொல்றாங்க. ஒரே ஒரு புகை, எப்பவும் போல. பின்கோட்டையில நாஸ்பானு அதைப் பாத்துட்டு, அந்த மனுஷன் நல்லாத்தான் இருக்காருன்னு நூல் நூக்க உக்காருவா. நாளன்னிக்கு வாசல்ல குதிரை நிக்கும்.

"என்ன முணுமுணுக்கிற"ன்னான் ரோஸ்பே. முணுமுணுத்தேனா. ஒண்ணுமில்லன்னேன். வெயில் பாதி மலை வந்துடுச்சு, ஆட்டுத்தடம் தெரியுது, இன்னும் ரெண்டு மடிப்பு இருக்கு. அவன் கேட்டான், "ரெண்டு போட்டா அங்கேர்ந்து என்ன பதில் வரும்?" போடப் போறதில்லையே, எதுக்குக் கேக்குறன்னேன். "சும்மாதான்"னான். அதை யார்கிட்டயும் சொல்ல முடியாது. பதில்னு ஒண்ணு இருக்குன்னு கியாவுக்குத் தெரியும், என்னன்னு அவருக்கே தெரியாது. புகைக்காரங்களுக்குள்ள இருக்கிற ஏற்பாடு அது, வசந்தத்துல கணவாய் திறந்ததும் நானும் ஷீர்சாத்தும் நடுவழியில சந்திச்சு, ஒரு ஆட்டை அடிச்சுத் தின்னுட்டு, அந்த வருஷத்துக்கு அபாயப் புகைக்கு என்ன பதில்னு முடிவு பண்ணுவோம். ஒரு வருஷம் மூணு புகை, ஒரு வருஷம் விட்டு விட்டு ஒரு புகை. அவன் கோட்டையை யாராவது புடிச்சு, அவங்களே உக்காந்து புகை போட்டு நம்மள ஏமாத்தக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. இந்த வருஷம் யோசனை ஷீர்சாத்தோடது. வாயெல்லாம் கொழுப்போட சொன்னான், "மச்சான், இந்த வருஷம் பதிலே வேணாம். நீ ரெண்டு போட்டா நான் அடுப்பை அணைச்சுட்டு ஓட்டம் எடுத்துடுறேன். ஓடுறவன் எதுக்குப் புகை போட்டு இடத்தைக் காட்டணும்." சோம்பேறிக்குச் சோம்பேறித்தனமாத்தான் யோசனை வரும்னு நான் சிரிச்சேன், ஆனா யோசனை நல்ல யோசனை. ரெண்டு புகைக்குப் பதில் வெறும் வானம். ஒண்ணும் வரலைன்னா பாத்துட்டாங்க, கிளம்பிட்டாங்கன்னு அர்த்தம். உண்மையிலேயே சோம்பேறி அவன், நான் புகை போட்டு, கண்ணு எரிய நின்னு, நாலு வசவு திட்டி முடிச்சப்புறம்தான் ஆடி அசைஞ்சு பதில் போடுவான். இந்த ஒம்போது நாளா மட்டும் உடனுக்குடனே போடுறான். கல்யாணம் பண்ணியும் திருந்தாத பய, சண்டை வந்ததும் திருந்திட்டான்னு நானே மேல போய்ச் சொன்னேன். தினமும் நான்தான் மேல ஏறிப் போய்ச் சொல்வேன், அங்க எல்லாரும் சௌக்கியம்னு, கேட்டதும் ஆளுங்க முகத்துல ஒரு தெளிச்சி வரும், அப்புறம்தான் ரொட்டியில கை வைப்பாங்க. ரோஸ்பேக்கு அங்க அம்மா. கட்டிக்கல, அம்மா மட்டும்தான், முட்டி வலிக்கு இங்கேர்ந்து தைலம் காய்ச்சி அனுப்புவான்.

அம்மாவை நெனைச்சுக்கிட்டுத்தான் கேட்டிருக்கான் போலிருக்கு. நான் அதை யோசிச்சு முடிக்கல, அவனே எழுந்து நின்னுட்டான். பழத்தை மடிச்சு இடுப்புல சொருகினான். வெயில் கழுகுப்பாறைக்கு ஒரு முழம் மேல நிக்குது. என்னைப் பாக்காம பள்ளத்தைப் பாத்துக்கிட்டே, "வண்டாத், எனக்கு ஒண்ணுக்கு வருது. அந்தப் பாறைக்குப் பின்னாடி போறேன். இந்தக் குளிர்ல கொஞ்ச நேரமாகும்"னான். குளிராம். வில்லை எடுத்துக்கிட்டே போனான், ஆனா நாணைக் கழட்டிட்டுப் போனான், அது எனக்குத் தெரியணும்னு மெதுவா கழட்டினான். மேல தெற்கு வாசல்ல கியா ஆளுங்களை வரிசையில நிறுத்தி ஆயுதத்தை வாங்கிட்டிருக்காரு, வாளு வாளா கீழ போடுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது, இந்தப் பக்கம் திரும்ப அங்க யாருக்கும் நேரமில்ல, நடுவுல கோட்டைப் பாறை வேற மறைக்குது. தெரிஞ்சா தலை போகும். மத்தியானம் கீழ இறங்கினா மட்டும் இருக்குமான்னு யார் கண்டா. பயமா இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்தக் கடைசி வளைவுல ஆடின சின்னக் கை இருக்கே. வெயில் பாறையைத் தொட்டுச்சு. முதல் குழியில கல்லைத் தட்டினேன், பத்திக்கிச்சு. எரியுற கட்டை ஒண்ணைப் புடுங்கி, இன்னொரு கையில ஈர வைக்கோலை வாரிக்கிட்டு இருபது தப்படி ஓடினேன். ரெண்டாவது குழி எங்க தாத்தா வெட்டினது, வருஷா வருஷம் பழைய விறகை எடுத்துட்டுப் புது விறகு போடுறதோட சரி, இதுவரைக்கும் நெருப்பே காணாத குழி. கட்டையைப் போட்டதும் எனக்காகவே காத்திருந்தது போல குப்புன்னு புடிச்சுக்கிச்சு. ஈர வைக்கோலைத் தள்ளினேன். ரெண்டு புகையும் பக்கத்துல பக்கத்துல நேரா எழும்பிச்சு, காத்தே இல்ல.

ரோஸ்பே திரும்பி வந்து பக்கத்துல நின்னான். நான் வடக்கே பாத்துக்கிட்டு எண்ண ஆரம்பிச்சேன். பதினாலு வருஷமா அந்தப் பக்கம் புகை வரணும் வரணும்னு பாத்த கண்ணு, இன்னிக்கு வரக் கூடாதுன்னு பாக்குது. இருபது. ஒண்ணும் இல்ல. முப்பது. நாஸ்பானு இப்ப எழுந்திருப்பா, நூலை அப்படியே போட்டுட்டு, புள்ளைக்குச் செருப்பு மாட்டிவிடுவா, அவளுக்குச் செருப்பு மாட்டிவிடுறது பெரும்பாடு, காலை மடக்கிக்குவா. அம்பது. கணவாய்க்கு ரெண்டு மணி நேர நடை, பனி இல்ல, அப்பாடா பனி இல்ல, இடுப்பளவு பனி கிடந்தா புள்ளையைத் தூக்கிக்கிட்டு எப்படிப் போவா, நல்லவேளை, அம்மாடி நல்லவேளை. எழுபது. எண்பது. வானம் கழுவி விட்ட தட்டு கணக்கா சுத்தமா இருக்கு. ஷீர்சாத் அணைச்சுட்டான். என் மச்சினன் வாழ்க்கையில ஒரு வேலையை ஒழுங்கா செஞ்சுட்டான், சந்திக்கிறப்ப ரெண்டு ஆடு அடிச்சுப் போடணும். தொண்ணூறு. தொண்ணூத்தி நாலு. பின்கோட்டை முகட்டுல ஏதோ ஒண்ணு. மேகம். மேகமாத்தான் இருக்கும், நாப்பது நாளா தேடின மேகம். அது அடியில மெலிசா, மேல போகப் போக அகலமா எழும்புது. இல்ல, நேத்து அடுப்போட கங்கு, அணைக்கறப்ப கொஞ்சம் புகையத்தான் செய்யும், தண்ணி ஊத்தினா ஒரு தடவை குபீர்னு வந்துட்டு நின்னுடும். நிக்கட்டும். நின்னுடு. அது நிக்கல. அதுக்குப் பக்கத்துல, ரெண்டாவது குழி இருக்க வேண்டிய அதே இடத்துல, இன்னொண்ணு எழும்பிச்சு. ரெண்டும் கொழுகொழுன்னு, நேரா, எங்க புகை மாதிரியே. ஷீர்சாத் மறந்திருக்க மாட்டான், அவனே சொன்ன யோசனை. இப்ப அங்க உக்காந்திருக்கிற மங்கோலியனுக்கு ஒண்ணு போட்டா ஒண்ணு, ரெண்டு போட்டா ரெண்டு, அவ்வளவுதான் தெரியும். எத்தனை நாளா உக்காந்திருக்கான். நான் மேல ஏறிப் போய்ச் சௌக்கியம் சௌக்கியம்னு சொன்ன எத்தனை நாளா. கியாவுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு, கடுதாசி கொண்டாந்தவன் கதவைச் சாத்திக்கிட்டு இதைத்தான் சொல்லியிருக்கான், உன் பொண்டாட்டி எங்ககிட்ட பத்திரமா இருக்கான்னு. இந்தப் புகையைப் பின்கோட்டை பாத்துடும்னு அவர் பயப்படல. பதிலை நான் பாத்துடுவேன்னு பயந்திருக்காரு. முன்னூறு பேரும் பொண்டாட்டி புள்ள பத்திரமா இருக்குன்னு நம்பிக்கிட்டு வாளைக் கீழ போடணும், அதுக்குத்தான் தினமும் ஒரு புகை. அட பாவி மனுஷா. ரொட்டியைப் பிச்சுக் கொடுத்தியே.

"வண்டாத்." ரோஸ்பே என் தோளைப் புடிச்சு உலுக்குறான். அழுறானா சிரிக்கிறானா தெரியல, தாடியெல்லாம் ஈரம். "ரெண்டுக்கு ரெண்டு. பாத்துட்டாங்க, பதில் போட்டுட்டாங்க. எங்கம்மாவுக்கு நடக்க முடியாது, ஆனா உன் பொண்டாட்டி விட்டுட்டுப் போக மாட்டா, கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்டுவா, எனக்குத் தெரியும்." நான் வாயைத் திறந்தேன். சொன்னா இவன் மேல ஓடுவான், முன்னூறு பேரும் போட்ட வாளைத் திரும்ப எடுப்பாங்க, முதல்ல கியா சாவாரு, சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் செத்துடுவோம், அங்க இருக்கிறவங்களையும் அதுக்கப்புறம் விட்டுவெக்க மாட்டானுங்க. சொல்லலைன்னா எல்லாரும் வரிசையா இறங்குவோம், கீழ என்ன இருக்கோ, அவளும் புள்ளையும் உசுரோட இருக்காங்களோ இல்லையோ, கீழ போனாத்தான் தெரியும். கியாவும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பாரு. என் முகத்தைப் பாத்து ரோஸ்பேயோட சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா குறையுது. "என்ன வண்டாத்? பாத்துட்டாங்கதானே?"

"ஆமா"ன்னேன். "பாத்துட்டாங்க. இந்நேரம் கிளம்பியிருப்பாங்க."

அவன் என் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டான். வில்லைக் கொண்டு போய் முதல் குழியில போட்டான், இனி அவனுக்கு அது வேணாமாம், இறங்க இப்ப பயமே இல்லையாம். ஆளுங்ககிட்ட மட்டும் காதோட காதா சொல்லிட்டு வரேன்னு மேல ஏறினான். நான் தடுக்கல.